பச்சை விளக்கும் கழிப்பறைக் காகிதமும்

கொரியாவின் மாசான் நகரத்து மீன் சந்தைக்குப் பின்னால், மூடிக் கிடந்த திருமண மண்டபத்தில் விடிந்ததும் வரிசை நின்றது. உள்ளே போனால் ஆளுக்கு ஒரு கட்டு கழிப்பறைக் காகிதம் இலவசம். அறிவைத் துடைத்துப் போடவும் அது உதவியது.

மேடையில் பேராசிரியர் பியோ. எந்தக் கல்லூரியில் என்று யாரும் கேட்கவில்லை. கிழவர்களை அப்பா என்றார், கிழவிகளை அம்மா என்றார். உருகிப்போனார்கள். பெற்ற பிள்ளைகள் சியோலில் இருந்தார்கள், போனை எடுப்பதில்லை.

"அப்பா, குழாயில துப்புங்க. உங்க மரபணுவே பேசும். குடல்ல புற்றுநோய் வருமா வராதான்னு இந்தப் பெட்டி சொல்லிடும்."

குழாயைப் பெட்டியில் செருகினால் சிவப்பு விளக்கு எரியும். ஆபத்து. பியோவின் கடற்பாசிப் பொடியை வாங்கித் தின்றவர்களுக்கு மறுவாரம் பச்சை. வாங்காதவர்களின் மரபணு திருந்தவே இல்லை.

பொடி வாங்கித் தின்ற மீன் வியாபாரி சாங்துவுக்குப் பச்சை எரிந்தது. அவருடைய அப்பாவும் அண்ணனும் குடல் புற்றுநோயில் போனவர்கள். ஒரு மாதமாக அவருக்கும் மலத்தில் ரத்தம். மனைவி தொக்சுன் மருத்துவமனையில் நாள் வாங்கி வைத்திருந்தாள். அவர் போகவில்லை.

"அதான் பச்சை எரிஞ்சிடுச்சேடி. அப்புறம் எதுக்குப் பின்னால குழாய விடணும்?"

"உங்கப்பா குடல்ல போனாரு. அண்ணன் குடல்ல போனாரு. நீ தினமும் சோஜு சாராயம், சிகரெட்டு, சுட்ட பன்னி. உனக்கு ஆபத்துன்னு சொல்ல எச்சில் வேற வேணுமாய்யா?"

"நீ என்ன பேராசிரியரா?"

தொக்சுன் வேறு வழி பார்த்தாள். அடுத்த வாரம், அவர் வீட்டில் துப்பிவைத்த எச்சிலில் பாதியைத் தன் பெயர் எழுதிய குழாயில் ஊற்றிக்கொண்டாள். அவள் பொடி வாங்கியதே இல்லை.

மண்டபத்தில் இரண்டையும் நீட்டினாள். சாங்துவுக்குப் பச்சை. கைதட்டல். தொக்சுனுக்குச் சிவப்பு.

"அம்மா..." பியோவின் குரல் தழுதழுத்தது. "நிலைமை மோசம். உடனே பொடி ஆரம்பிக்கணும்."

"ரெண்டும் இந்த ஆளு எச்சில்தான்டா. நான் துப்பவே இல்ல."

சாங்து திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக் காத்துல கெட்டிருக்கும்மா," என்றார் பியோ.

"ரெண்டும் ஒரே வீட்டுக் காத்துதான். சரி, இப்ப இங்கயே அவரு ரெண்டு குழாயில துப்பட்டும். பேரு எழுதாம போடு, பாப்போம்."

"கரண்ட் போயிடுச்சே."

தலைக்கு மேல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

சாங்து மேடையேறி மேசைத்துணியைத் தூக்கினார். பெட்டியிலிருந்து ஒரு கம்பி இறங்கி, பியோவின் காலடியில் இருந்த விசையில் முடிந்தது. ஊராரின் மரபணு எல்லாம் அவருடைய கால் பெருவிரலில் இருந்திருக்கிறது.

பியோ பின்வாசல் வழியே போனார். கூட்டம் துரத்தவில்லை. இன்றைய காகிதக் கட்டு உண்டா இல்லையா என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

சாங்து மருத்துவமனைக்குப் போனார். உள்ளே பார்த்தார்கள். கட்டி இருந்தது. வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருந்தது.

அந்த இலவசக் காகிதம் ஒரு மாதமாகத் தினமும் அவருக்குச் சிவப்பு காட்டியது. மண்டபத்திலேயே உண்மை சொன்ன கருவி அது ஒன்றுதான். அதைச் சுருட்டி எறிந்துவிட்டுப் பச்சை பார்க்கக் காசு கொடுத்தவர்களே, துடைத்த பிறகாவது யோசியுங்கள்.