பம்பாய்க்கு எத்தனை மணி நேரம்?

என் மகள் கனகாவுக்கு வந்திருக்கும் பம்பாய் மாப்பிள்ளையை விரட்டாமல் ஓய்வதில்லை என்று அன்று காலை சபதம் செய்தேன். வாய்விட்டு அல்ல. என் மனைவி சுலோச்சனா அடுப்படியில் இருந்தாள்.

மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் பெரிய குறை. விமான நிலையத்தில் மெக்கானிக். பெண்டாட்டிக்கு வருஷம் ஒருமுறை ப்ளேன் டிக்கெட் இலவசமாம். கனகாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பம்பாய்! அவள் கோயிலுக்குப் போய்த் திரும்ப அரை மணி தாமதமானாலே ஏரிக்கரை வரை ஓடுகிறவன் நான். இதை வெளியே சொல்ல முடியுமா? "பாவம், சுலோச்சனா தாங்கமாட்டாள்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன்.

உத்திரமேரூரில் வேதகிரி வாத்தியாரிடம் விசாரித்தேன். "பட்டணத்துலேர்ந்து அறுநூத்திச் சொச்சம் மைலு. ப்ளேன்ல மூணு மணி நேரம்" என்றார். நான் முப்பதை எதிர்பார்த்துப் போயிருந்தேன். வீடு திரும்பும் வழியில் நானே கூட்டிக்கொண்டேன்.

"இன்னாங்க, கேட்டுக்கினு வந்தீங்களா?"

"கேட்டேன். ஒரு பகல், ஒரு ராத்திரி."

"ப்ளேன்லயா?"

"எதிர்க்காத்து கீதே! மேகம் வந்தா ஒதுங்கி நின்னுட்டுத்தான் போவும்."

"ஆகாசத்துல எங்க ஒதுங்கும்?"

"எங்கியோ ஒதுங்கும். உனக்கின்னா?"

சுலோச்சனா பெருமூச்சு விட்டாள். "அப்ப பேஜாருதான். வேணாங்க. மாகறல்ல எங்கண்ணன் மகனுக்கே குடுத்துடலாம். பத்து மைலு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பேஷ்! மாட்டு வண்டியில மூணே மணி நேரம். பம்பாய்க்கு ப்ளேன் போற நேரம்தான்!"

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

அவள் சிரிக்கக்கூட இல்லை. "எங்கண்ணன் மகனுக்கு ஒம்போது வயசுங்க. அந்தப் பக்கம் போனாத்தானே உங்களுக்குத் தெரியும்? நான் எங்கம்மாவைப் பாத்து நாலு வருசம். அறுப்பு, நடவு, ஆத்துல தண்ணின்னு சொல்லிக்கினே கீறீங்க. கனகாவுக்கு பம்பாய் தூரமில்லீங்க. எனக்குத்தான் மாகறல் தூரம்."

வெட்கமாகப் போய்விட்டது. "அவ போயிட்டா நீ தாங்குவியா?" என்று முனகினேன்.

"நேத்து மாட்டுக்கொட்டாயில காளை கழுத்தைக் கட்டிக்கினு அழுதது நானா?"

"அது வைக்கோல் தூசு."

முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். இருபது வருஷத்தில் இவளை இத்தனை பிடித்துப்போன நிமிஷம் வேறில்லை.

"தரகருக்கு நேத்தே சரின்னு சொல்லியனுப்பிட்டேன். வண்டியைப் பூட்டுங்க. எங்கம்மாகிட்ட கல்யாண சேதி சொல்லணும்."

பூட்டினேன். ஊர் எல்லை தாண்டியதும் தூசு மறுபடி கண்ணில் விழுந்தது. பின்னாலிருந்து துண்டு நீண்டது.

"ஆத்துக்கு இந்தப் பக்கமே அழுது முடிச்சிடுங்க. அந்தப் பக்கம் நான் அழணும். நாலு வருசத்துக்குச் சேத்து வெச்சிக்கினு வரேன்."