எரேசர் இருக்க வேண்டிய மூலை

கிணத்துக்கடவு,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் பிரியமும் மிகுந்த மாப்பிள்ளை தீபக் அவர்களுக்கு, மாமன் சுப்பண்ணன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை பாவாத்தாளும் நலம், தென்னைகளும் நலம். ஸ்டுடியோ கம்ப்யூட்டர் ஒன்றுதான் நலமில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் "பரவால்லீங்க மாப்ள" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை. அதனால் கடிதமாக எழுதி, அதை போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன்.

ஆடி விருந்துக்கு வந்த நீங்கள், சாப்பிட்ட கை காயுமுன் என் போட்டோ எடிட்டிங் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, தினமும் எடுக்கற டூலு நாலுதானுங்க, அதுக்கு எதுக்குங்க இத்தனை தூரம் அலையறீங்க?" என்று எல்லாவற்றையும் இடம் மாற்றி ஒழுங்குபடுத்திக் கொடுத்தீர்கள். வேலைக்கு வசதிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் அந்த டூல்களை வாஸ்துப்படி அல்லவா அடுக்கியிருந்தேன்! வரைபடத்தில் மேலே வடக்கு என்பதுபோல, திரையிலும் மேலே வடக்கு. பிரஷ் அக்னி மூலையில், எரேசர் கீழே இடப்பக்கம், தென்மேற்கான கன்னி மூலையில். நீங்கள் எரேசரைத் தூக்கி மேலே வலப்பக்கம், வடகிழக்கான ஈசானியத்தில் வைத்துவிட்டீர்கள். அழிக்கிற சாமானை யாராவது சாமி மூலையில் வைப்பார்களா?

பழையபடி மாற்றலாம் என்று மவுசைத் தொட்டேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, மாப்ள கை வெச்சதை நாம மாத்துனா மருவாதையா இருக்குமுங்களா?" மரியாதையும் போகக் கூடாது, வாஸ்துவும் போகக் கூடாது. இருவரும் யோசித்து, மானிட்டரையே தலைகீழாகத் திருப்பி, செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். எரேசர் தானாகக் கன்னி மூலைக்கு வந்துவிட்டது. மவுசு எதிர்ப்பக்கமாக ஓடியது. அதையும் வால் என்னைப் பார்க்கத் திருப்பிப் பிடித்துப் பழகினேன்.

அப்படிச் செய்த முதல் வேலைதான் உங்கள் பெரியப்பா மகன் சசிதரின் கல்யாண ஆல்பம். தலைகீழ்த் திரையில் மணமக்கள் நேராகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு படத்தையும் திருப்பிப்போட்டு, முகத்துக்குப் பொலிவு கொடுத்து, அப்படியே லேபுக்கு அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்ததில் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு அன்னூரில் உங்கள் பெரியப்பா வீட்டுக்கே கொண்டுபோய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். உள்ளே கல்யாணமே தலைகீழாக நிற்கிறதுங்க மாப்ள! உங்கள் பெரியம்மா ஆல்பத்தைத் திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, தாலி கட்றதுக்கு முன்னாலயே பந்தி முடிஞ்சுபோச்சுங்களா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இன்னொரு டம்ளர் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று உபசரித்தார்கள். கூனிக் குறுகிப்போய் வீடு வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சசிதரும் ஷ்ரவ்யாவும் வெளிநாடு கிளம்புகிறார்கள். அதற்குள் வேறு ஆல்பம் கொடுக்காவிட்டால் உங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் என்னால் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. என் மகள் ரித்திகாவுக்கும் அது ஆயுசுக்கும் ஒரு பேச்சாகிவிடும். ஆகவே தயவுசெய்து நாளைக்கே வந்து, எரேசரைப் பழைய மூலைக்கு மாற்றிக் கொடுங்கள். நான் எழுதினேன் என்று அத்தைக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கே தோன்றியது போல இருக்கட்டுமுங்க.

ஆனைமலை மாசாணியம்மன் துணையால் நீங்களும் ரித்திகாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்,
சுப்பண்ணன்.

பி.கு.: கையெழுத்துப் போடும்போது அத்தை காப்பியோடு வந்து முழுவதையும் படித்துவிட்டாள். கோபிப்பாள் என்று பார்த்தால், என் முகத்தையே பார்த்தாள். "ஏனுங்க, சாயங்கால வெயிலு உங்க வலது கன்னத்துல அடிக்குது. அப்படீன்னா நீங்க தெக்கப் பாத்தல்லங்க உக்காந்திருக்கறீங்க?" ஆமாம் மாப்பிள்ளை. திரையில் மேலே இருப்பது தெற்கு. நீங்கள் எரேசரை வைத்த இடம்தான் கன்னி மூலை. இத்தனை வருடமும் நான் வைத்திருந்ததுதான் ஈசானியம். மானிட்டரை நிமிர்த்திவிட்டேன். உங்கள் அடுக்கில் வேலை ஓட்டமாக ஓடுகிறது, ஆல்பம் வெள்ளிக்கு முன்பே போய்விடும். நீங்கள் வர வேண்டாம் என்று எழுதப் போனேன். அத்தை மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த எரேசரு சாமி மூலைல இருந்தப்பத்தானுங்க நமக்கு இப்படி ஒரு மாப்ள கெடச்சாரு. வந்து பழையபடியே வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க."