நாலாவது மாடிக்கு ஒரு முட்டி

"தேய்மானம்" என்று டாக்டர் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேய்மானம் என்றால் அவருக்கு அத்துப்படி. முப்பத்திரண்டு வருஷமாக அதை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது.

"அப்ப தேய்ஞ்சதைக் கழட்டிட்டு வேற போட்டுடலாமே டாக்டர்?"

"கழட்டறதில்ல. வளர்க்கப் பார்க்கிறோம்," என்றார் டாக்டர். "உங்க மனைவியோட இடுப்பெலும்புலேர்ந்து ஸ்டெம் செல் எடுத்து, ஆய்வகத்துல அஞ்சு வாரம் பெருக்கி, முட்டிக்குள்ள ஊசியா போடுவோம். குருத்தெலும்பு திரும்ப வளரலாம். வளராமலும் போகலாம். இது ஆராய்ச்சிதான், உத்தரவாதம் கிடையாது."

மெக்கானிக் மனைவியின் பக்கம் திரும்பி விளக்கினார். "உன் உதிரிபாகம் உனக்கே. வெளிச்சரக்கு கலப்படமே இல்ல."

மனைவி முட்டியைத் தடவிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். நகரத்தில் பாதி லிஃப்ட்டுகளை ஓடவைக்கும் அந்த மனிதர் குடியிருப்பது, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். எழுபத்திரண்டு படி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மனைவி அக்கா வீட்டுக்குப் போகப் படியிறங்கினாள். இறங்கியதில் முட்டி வீங்கி, திரும்ப ஏற முடியாமல், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். "ஒரு வாரம் இருந்துட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையோடு அவளைப் பார்க்கப் போவார். வேலை கேட்டு வந்தவர் மாதிரி சோபாவின் ஒரு நுனியில் உட்காருவார். மறு நுனியில் மனைவி. நடுவில் அக்கா. அக்கா நல்லவள்தான், ஆனால் இடத்தை விட்டு நகரமாட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ஆச்சு."

அக்காவின் தலைக்கு மேலாக இவ்வளவுதான் பேச முடியும். இதற்குப் போக வர ரெண்டு மணி நேரம் பஸ்.

"கீழ எங்கேயாவது ஒரு வீடு பார்த்தா என்ன?" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள்.

"லிஃப்ட் மெக்கானிக் தரைத்தளத்துல குடியிருந்தா எவன் மதிப்பான்? எங்க கட்டடத்துக்கு லிஃப்ட் வரப்போகுது. மனு கொடுத்திருக்கேன்," என்றார் அவர். மனு கொடுத்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

முன்பெல்லாம் காலையில் அவர் சவரம் செய்யும்போது மனைவி பக்கத்தில் நின்று செய்தித்தாளை உரக்கப் படிப்பாள். விளம்பரத்தையும் விடமாட்டாள். நடுநடுவே மந்திரிகளைத் திட்டுவாள். அவள் போன பிறகு அவர் பேப்பரை நிறுத்தவுமில்லை, பிரிக்கவுமில்லை. தானே படித்தால் அது செய்தியாகவே தோன்றவில்லை. ஐந்நூறு நாள் பேப்பர் கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்தில் அடுக்கியிருந்தது. விடிகிற நேரத்தில் சில நாள் கை தானாக அந்தப் பக்கம் போய், காகிதத்தில் பட்டு, விழிப்பு வந்துவிடும். அவளில்லாமல் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது? அவளிடம் சொல்லலாமென்றால் நடுவில் அக்கா.

அதனால்தான் இந்த ஆஸ்பத்திரி. பக்கத்து அறையில் நர்ஸ் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். வயது, எடை, ரத்த அழுத்தம் வரை ஒழுங்காகப் போனது. அப்போது வெளியே ஆஸ்பத்திரி லிஃப்ட் கிறீச்சிட்டது. மெக்கானிக்கின் காது விடைத்தது.

"கதவு ரோலர் போச்சு. ஒரு நிமிஷம் சிஸ்டர்," என்று எழுந்து போனவர் திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆயிற்று.

நர்ஸ் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ரெண்டு விதி இருக்கு சார். ஊசி போட்டு மூணு மாசத்துக்கு இவங்க தரைத்தளத்து வீட்டுல இருக்கணும். கணவரும் அதே வீட்டுல கூடவே இருக்கணும். உங்க வீடு எந்த மாடி?"

மெக்கானிக்குக்கு வியர்த்தது. தரைத்தளத்திலிருக்கிற அக்கா வீட்டில் அவர் படுக்க அந்த சோபாவை விட்டால் இடம் கிடையாது. அதிலிருந்து அக்காவை யார் எழுப்புவது? நாலாவது மாடி என்று உண்மையைச் சொன்னால் எல்லாம் இன்றோடு முடிந்தது.

"தரைத்தளம்தான்," என்றார்.

மனைவி சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. புதன்கிழமை வந்து வீட்டைப் பார்க்கிறேன்," என்றார் நர்ஸ்.

அவர்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் கிளாரினெட் மாஸ்டர் ஒருவர் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகாதவர். அவருக்குத் துணை கிளாரினெட்டும், அதைக் கேட்டு மேலிருந்து தரையைத் தட்டும் முதல் மாடிக்காரர்களும்தான்.

"மாஸ்டர், புதன்கிழமை ஒரு மணி நேரம் உங்க வீடு வேணும்."

"எதுக்கு?"

"என் பெண்டாட்டியோட குடித்தனம் பண்ண."

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மணி நேரம் போதுமா?"

புதன்கிழமை மனைவி டாக்சியில் வந்து இறங்கினாள். மாஸ்டர் வீட்டு சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக நடுவில் அக்கா இல்லை. மெக்கானிக் எவ்வளவோ சொல்ல நினைத்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சு. நீங்க?"

நல்லவேளை, நர்ஸ் வந்துவிட்டார். குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தார். கால்மிதியைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார்.

"இந்தக் கிளாரினெட் யாரோடது?"

"என்னுதுதான்," என்றது மெக்கானிக்கின் வாய். மூளையைக் கலந்துகொள்ளவே இல்லை.

"அப்படியா? எங்கே, கொஞ்சம் வாசிங்க."

வாசித்தார். இருபது பேரை ஏற்றிக்கொண்டு பாதியில் மாட்டிய லிஃப்ட்கூட அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள்.

"பழக்கம் விட்டுப்போச்சு," என்றார் மெக்கானிக்.

"வந்துடும் சார். அஞ்சு மாசத்துல எங்க ஆண்டு விழா. உங்க பேரை எழுதிக்கறேன். அப்புறம், இனிமே நான் சொல்லிட்டு வரமாட்டேன். திடீர் திடீர்னுதான் வருவேன்."

ஆக, ஒரு மணி நேரக் குடித்தனம் மூணு மாசத்துக்கு நீண்டது. வேறு வழியில்லாமல் மெக்கானிக் மாஸ்டரிடம் வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். தலைக்கு மேலே ஆளில்லாத வீடு என்றதும் மாஸ்டர் அப்போதே பெட்டியைக் கட்டினார். கட்டில், பாத்திரம், ஐந்நூறு பேப்பர் எல்லாவற்றையும் மெக்கானிக்கே இறக்கினார். மாஸ்டரின் சாமான்களை அவரே ஏற்றினார். மூன்றாம் நாள் அவர் முட்டியே முணுமுணுக்க ஆரம்பித்தது.

ஐந்து வாரம் கழித்து ஊசி போட்டார்கள். மனைவி கைத்தடியோடு கீழ் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மறுவாரமே நர்ஸ் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து கிளாரினெட் ஓசை இறங்கி வந்தது.

"அது யாரு சார்?"

"என் மாணவர்."

"உங்களைவிட நல்லா வாசிக்கிறாரே."

"நல்ல குரு அமைஞ்சா அப்படித்தான்," என்றாள் மனைவி.

அந்தச் சமயத்தில் வாசல் மணி அடித்தது. மாஸ்டரிடம் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் பெட்டியோடு நின்றார். மெக்கானிக் பாய்ந்து போய் அவர் காதில், "இன்னிக்கு மூச்சுப் பயிற்சி. நேரா நாலாவது மாடிக்கு ஏறுங்க," என்றார். பல் டாக்டர் ஏறினார். அன்றைக்கு அவரால் ஊதவே முடியவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஆண்டு விழா வேறு பயமுறுத்தியது. வேலை முடிந்ததும் மெக்கானிக் மேலே போய் மாஸ்டரிடம் பாடம் கேட்பார். கீழே வந்து ஊதிப் பார்ப்பார். மனைவி கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். அவள் சிரிப்பைக் கேட்பதற்காகவே அவர் சில இடங்களில் வேண்டுமென்றே தப்பாக ஊதினார். மற்ற இடங்களில் அந்தச் சிரமம் தேவைப்படவில்லை.

காலையில் அவர் சவரம் செய்ய, அவள் ஒன்றரை வருஷத்துப் பழைய பேப்பரிலிருந்து வரிசையாகப் படித்தாள்.

"இந்த மந்திரிக்கு வெட்கம் மானம் ஏதாவது இருக்கா?"

"அவர் ராஜினாமா பண்ணி ஒரு வருஷம் ஆச்சும்மா."

"பண்ணட்டும். நான் திட்ட வேண்டியது பாக்கி இருக்கில்ல."

கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் அப்படியே நின்றார். இவள் மறுபடி போய்விடக்கூடாது, எப்படியாவது இந்த முட்டி தேறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

"முட்டி சரியானதும் நம்ம வீட்டுக்கு மேல போயிடலாம்," என்றார்.

"போகலாம்," என்று அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று நர்ஸ் ஸ்கேன் முடிவோடு வந்தார். மெல்லிசாகப் புதுக் குருத்தெலும்பு படிந்திருக்கிறது, நிச்சயமாகச் சொல்ல இன்னும் ஒரு வருஷம் பார்க்க வேண்டும் என்றார். வலி பாதியாகக் குறைந்துவிட்டதென்று மனைவியே சொன்னாள். பிறகு நர்ஸ் அவளை மாடிப்படிக்கு அழைத்துப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, அவள் எட்டுப் படி ஏறினாள்.

மெக்கானிக்கின் கண் கலங்கியது. கூடவே மனசாட்சியும் உறுத்தியது. தன்னுடைய பொய்யால் இந்த நல்ல மனுஷியின் ஆராய்ச்சியே கெட்டுப்போகுமோ என்று பயம் வந்தது.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். அது எங்க வீடு இல்ல. எங்களுது நாலாவது மாடி. கிளாரினெட்டும் என்னுது இல்ல."

"கிளாரினெட் விஷயம் அன்னிக்கே தெரிஞ்சுது சார். விழாவுக்கு மாஸ்டர்கிட்டதான் சொல்லியிருக்கேன்."

"விதியை மீறினது நான். என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்க, இவளை ஆராய்ச்சியிலேர்ந்து நீக்கிடாதீங்க. இவ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல சிஸ்டர். அதுக்காகத்தான் புளுகினேன்."

எட்டாவது படியில் நின்ற மனைவி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

நர்ஸ் படிவத்தை மூடினார். "சார், அந்த ரெண்டு விதியும் எங்க படிவத்துலயே கிடையாது. அன்னிக்கு நீங்க எழுந்து போன பத்து நிமிஷத்துல அம்மாதான் சொல்லச் சொன்னாங்க: 'என்னை மேல ஏத்தறதுக்கு இவர் ஒன்றரை வருஷமா அலையறார், நீங்களாவது இவரைக் கொஞ்சம் கீழ இறக்கி விடுங்க சிஸ்டர்'னு."