இரத்தப் பரிசோதனைக்கு வெற்றிலை வைத்து அழைத்த என் அம்மா

எங்கள் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லை வரவழைப்பதைவிடக் கல்லில் நார் உரிப்பது சுலபம். அது தெரிந்தும் நான் போய்ச் சேர்ந்த முதல் வேலை, முடியாது என்று சொல்லும் உரிமையை எல்லாருக்கும் விளக்குகிற வேலை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தோட்டத்துப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்தது. வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று பதுளையில் பயிற்சி கொடுத்தார்கள் (மத்தியானச் சோற்றுப் பார்சலும் கொடுத்தார்கள்). நெறிமுறைக் குழுவிலிருந்து ஒரு டாக்டர் அம்மா வந்து விசாரிப்பார். சம்மதத்தில் கோளாறு இருந்தால் ஆராய்ச்சி நிற்கும், என் வேலையும் போகும்.

இதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் மனதில் நின்றது கடைசி மூன்று சொற்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக் காம்பரா என்று நாங்கள் சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் பரிசோதனை. லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் அத்தனை பேரும் பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக வந்தார்கள். ஓர் அத்தை கையில் பரிசுப் பொட்டலம் வேறு. என் விளக்கத்தின் மகிமை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் (மடையன்).

டாக்டர் முதலில் கேட்டது எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவை.

"இதுல சேர ஏன் சம்மதிச்சீங்க?"

"இவுங்க அம்மா வீடு வீடா தாம்பாளத்தோட வந்து அழைச்சாங்களே. வெத்தல எடுத்துட்டா வாக்குக் குடுத்த மாதிரிங்க."

"விருப்பமில்லாட்டி?"

"அதெப்படிங்க. தம்பிக்கு வேல நெலைக்கணும்ல."

நான் வாசலைப் பார்த்தேன். அம்மா பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது கல்யாணம் இல்ல" என்றார் டாக்டர்.

"தெரியுங்க. கல்யாணம்னா சாப்பாடு போட்டிருப்பேனே."

டாக்டர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. ஆனால் அன்று யாருக்கும் ஊசி போடவில்லை. "இவுங்க ஆராய்ச்சிக்குச் சம்மதிக்கல. உங்களுக்குச் சம்மதிச்சிருக்காங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எல்லாரையும் தனித்தனியே திரும்பக் கேட்க வேண்டும், கேட்பது வெளியாளாக இருக்க வேண்டும், நான் ஐஸ் பெட்டி தூக்கினால் போதும் என்று முடிவானது. வேலை மயிரிழையில் தப்பியது. அம்மா அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய் வெற்றிலையைத் திருப்பிக் கேட்டார். பாதிப் பேர் ஏற்கனவே மென்று துப்பியிருந்தார்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு பெண் வந்து, பிள்ளைக் காம்பராவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினாள். நான் பெட்டியோடு எட்டத்தில் நின்றேன். செல்வி அக்கா வெளியே வந்து நேரே என்னிடம் வந்தார்.

"வேணாம்னுட்டேன் தம்பி. மொத புள்ள ஆஸ்பத்திரியில எறந்தப்ப எனக்கு ஊசி குத்திக்கிட்டே இருந்தாங்க. அதுலேர்ந்து ஊசியக் கண்டாலே கை நடுங்குது. ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆகாதுக்கா" என்றேன். அந்த நடுங்கும் கையை நீட்டத்தான் ஞாயிற்றுக்கிழமை எனக்காகப் பட்டுக் கட்டி வந்திருந்தார். நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்த மானேஜர் பங்களாத் தோட்டக்காரர் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அன்று 'வேணாம்' சொல்லி ருசி கண்டவர்தான். அதன்பிறகு செல்வி அக்கா எதற்கும் முதலில் மாட்டேன் என்பார். சில வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் அழைக்கப் போனபோதும் முகத்துக்கு நேரே, "வரமாட்டேன். உரிமை இருக்குல்ல?" என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

கல்யாணத்தன்று காலையில் பார்த்தால் எங்கள் அடுப்படியில் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.

"யாரு சொல்லியும் வரல. நானா வந்தேன். எழுதிக்க தம்பி."

இப்போது எங்கள் வீட்டில் யார் பாத்திரம் கழுவ எழுந்தாலும் 'நானா வந்தேன், எழுதிக்க' என்று சொல்லிவிட்டுத்தான் எழுகிறார்கள்.