அளவு தெரிய ஓர் ஆள்

கூடத்திலிருந்து 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த வேதவதியின் கை அந்தரத்தில் நின்றது. டி.வி. கண் விழிக்கும் சத்தம் அது. போனையும் டி.வி.யையும் கோத்துவிட்டால் அப்படித்தான் கேட்கும். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால், யாரோ ஓர் அப்பாவி சோபாவில் மாட்டிக்கொண்டார் என்று பொருள்.

"உட்காருங்கோ, ரெண்டே நிமிஷம். இது முட்டம்" என்றது கணவர் சடகோபனின் குரல்.

மாட்டிக்கொண்டவர் சகாயம்மாள் டீச்சர். பாவம், அவர் வந்த வேலையே வேறு.

வாசகப் பெருமக்களே, காமிராவும் கையுமாக அலைகிற சடகோபனின் இனத்துக்கு 'எடுத்தாச்சுக்காரர்' என்று பெயர். மற்றவர்கள் ஓர் ஊருக்குப் போனால் "போயிட்டு வந்தோம்" என்பார்கள். இவர் அப்படிச் சொல்வதில்லை. "முட்டம் எடுத்தாச்சு, மணப்பாடு எடுத்தாச்சு, கோடியக்கரை எடுத்தாச்சு, பாம்பன் பாக்கி" என்பார். கடற்கரையில் நிற்கிற கலங்கரை விளக்கங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் பிடுங்கி, ஸ்ரீரங்கத்துக்கு லாரியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டவர் போல!

ரயில் ஏறி, பஸ் மாறி, ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டி, வெயிலில் வெந்து, செருப்புக்குள் மணல் கொதிக்கக் கொதிக்க அந்தக் கலங்கரை விளக்கத்தின் அடியில் போய் நின்றதும் இவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ச்சே, வெளிச்சம் சரியில்லை."

வெளிச்சம் காட்டுவதற்கென்றே கட்டிய ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு!

வரலாறு எழுதிய பலகை இருந்தால் அதையும் நாலு படம் எடுப்பார், படிக்க மாட்டார். "ஆத்துக்குப் போய் நிதானமா படிச்சுக்கலாம்." அந்த நிதானம் இருபத்திரண்டு வருடங்களாக வரவில்லை. குறுக்கே வருகிற குடும்பங்களிடம் "கொஞ்சம் நகருங்களேன்" என்பார், ஏதோ அவருடைய பாட்டன் கட்டிய கோபுரம் என்பது போல. சரி, இவ்வளவு தூரம் வந்தவர் மேலே ஏறிப் பார்க்கிறாரா? அதுதான் இல்லை.

"மேல ஏறினா லைட் ஹவுஸ் தெரியாதே!"

எப்படி இருக்கிறது? உச்சியில் போய் நின்றால் கடல் தெரியும், கப்பல் தெரியும், பாதி உலகமே தெரியும். ஆனால் நிற்கிற கட்டடம் தெரியாதாம். ஆகவே ஏறக்கூடாது. தானும் ஏறக்கூடாது, மனைவியும் ஏறக்கூடாது. மனைவிக்குக் கீழே வேலை இருந்தது.

அந்த வேலையைச் சொல்லத்தான் இந்தக் கதையே. கட்டடத்தின் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் அதன் உயரம் எடுபடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றோடு வேதவதியின் தலையெழுத்து மாறியது. "நீ சரியா அஞ்சடி வேதா. கணக்குப் போட சௌகரியம்" என்று சடகோபன் பூரித்துப்போனார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த அம்மாள், விடுமுறை வந்தால் கணக்கு போடுவதற்கான அளவுகோல் ஆனார். கலங்கரை விளக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தால் அவருக்குப் பச்சைப் புடவை. கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் மஞ்சள் புடவை. பெட்டியில் என்ன புடவை வைப்பது என்பதைக்கூடக் கட்டடங்கள்தான் தீர்மானித்தன. "இன்னும் பின்னால போ. இன்னும். இன்னும் பத்தடி" என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதர் மனைவியை ஒரு புள்ளியாக்கிவிட்டார்.

இத்தனைக்கும் அவர்கள் வீட்டு பால்கனிக் கதவைத் திறந்தால் ராஜகோபுரம் மூக்கில் இடிக்கும். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்தவர்கள் தெருவில் மல்லாக்கச் சாய்ந்து அதைப் படம் எடுக்கிறார்கள். சடகோபன் இதுவரை ஒரு படம்? ஊஹூம். "அது இங்கேதானே இருக்கு. எங்கே போயிடப் போறது?"

இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். திரும்ப வரும்.

நாளைக் காலை பத்து மணிக்கு வேதவதிக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. திருவானைக்காவலில் இருக்கிற அந்தப் பள்ளியில் மேடைக்குப் பின்னால் பெரிய பேனர் கட்டப் போகிறார்கள். அதன் நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் வேதவதியின் முகம் வர வேண்டும். ஆறு மணிக்குள் படம் போய்ச் சேராவிட்டால் அச்சகக்காரர் கடையைச் சாத்திவிடுவார். அதை வாங்கிப் போகத்தான் சக ஆசிரியை சகாயம்மாள் ஸ்கூட்டியில் பறந்து வந்திருந்தார். மணி ஐந்து பத்து.

பத்து நாள் முன்பே வேதவதி கேட்டார்: "ஏன்னா, ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுங்கோளேன்."

"எதுக்குப் புதுசா எடுக்கணும்? பதினோராயிரத்து எழுநூறு படம் இருக்கு. அதுல நீ எத்தனை! நானே நல்லதா ஒண்ணு தேர்ந்தெடுத்துத் தரேன்."

"இல்லேன்னா ஸ்கூல்ல யாராவது போன்ல..."

"போன்லயா? காமிராக்காரன் ஆத்துக்காரிக்குப் போன் போட்டோவா? என் மானம் என்ன ஆறது? நீ இங்கேதானே இருக்கே. எங்கே போயிடப் போறே?"

திரும்ப வந்ததா?

வேதவதி காபியோடு கூடத்துக்கு வந்தபோது டி.வி.யில் முட்டம் நெடுநெடுவென்று நின்றது.

"டீச்சர் எங்கே சார்?" என்றார் சகாயம்மாள்.

"இதோ, அடியில. பச்சையா ஒண்ணு தெரியறது பாருங்கோ."

"புதர்னு நினைச்சேன்."

"ஹஹ்ஹா! அந்தப் புதர்தான் இவ."

சகாயம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பெரிசு பண்ணுங்களேன்."

பெரிசு பண்ணினார். இருபத்துநான்கு மெகாபிக்ஸல் என்று ஊரெல்லாம் மார்தட்டிய காமிராவில் வேதவதி டீச்சர் சதுரம் சதுரமாகப் பிரிந்தார். நெற்றி ஒரு கட்டம், கன்னம் இரண்டு கட்டம், மூக்குக்கு ஒதுக்கீடே இல்லை.

"போகஸ் உச்சியில வெச்சிருந்தேன்" என்றார் சடகோபன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "உச்சி எவ்வளவு ஷார்ப்பா இருக்கு பாருங்கோ. ஆணிகூடத் தெரியறது."

அடுத்தது மணப்பாடு. மஞ்சள் புள்ளி. அதற்கடுத்தது கோடியக்கரை. முதுகு. ("கடலைப் பார்த்து நின்னா கவித்துவமா இருக்கும்னு நான்தான் சொன்னேன்.") தரங்கம்பாடிக் கோட்டையில் பாதி வேதவதி, மீதியைச் சுவர் விழுங்கிவிட்டது. செஞ்சியில் ஒரு கை மட்டும்.

பதினோராயிரத்து எழுநூறு படங்கள்! பாதிக்கு மேல் படங்களில் அந்த அம்மாள் இருக்கிறார். ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. கைப்பிடித்து அழைத்துப் போனவர் கணவர், எதிரே காமிராவோடு நின்றவரும் கணவர். இந்தக் கொடுமையை வேதவதி எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வார்?

"சார், மணி அஞ்சே முக்காலாகப் போகுது" என்றார் சகாயம்மாள். குரலில் மரியாதை இருந்தது, ஆனால் மெலிந்துகொண்டே வந்தது. "படம் வரலைன்னா வட்டத்துல ரோஜாப்பூ போட்டுடறேங்கிறார் அச்சகக்காரர். ரோஜாப்பூ போட்டா விழா பேனர் மாதிரியா இருக்கும்? வர்றவங்க மலர்வளையம் எடுத்துட்டு வந்துருவாங்க."

வேதவதிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஏன்னா, நாகப்பட்டினத்துல ஒரு கடலைக்கார அம்மா எடுத்தாளே. உங்க காமிராவை வாங்கிண்டு, ரெண்டு பேரையும் நிக்க வெச்சு. நான்கூட அதுல சிரிச்சேனே."

சடகோபனின் முகம் மலர்ந்தது. "ஆமா ஆமா! நன்னா வந்திருந்தது. உன் மூஞ்சி தெளிவா இருந்தது."

"அதைப் போடுங்க சார்!" சகாயம்மாள் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அதை அன்னிக்கே டிலீட் பண்ணிட்டேனே."

எழுந்த சகாயம்மாள் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சார்?"

"லைட் ஹவுஸ் பாதியில வெட்டுப்பட்டுடுத்து. அந்த அம்மாவுக்கு பிரேம் வைக்கத் தெரியலை. படத்துல இவ மட்டும்தான் முழுசா இருந்தா."

வேதவதி காபி டம்ளரைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த டம்ளர் மேஜையில் பட்ட சத்தம் இருக்கிறதே, முப்பத்தொரு வருடம் வகுப்புகளை அடக்கிய கை வைத்த டம்ளர் அது. சடகோபனே நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ என்ன கெட்டுப் போச்சு? இப்பவே எடுத்துடறேன். காமிரா முக்காலி, எண்பத்தஞ்சு லென்ஸ், ரெண்டே நிமிஷம்" என்று உள்ளே ஓடினார். அறைக்குள்ளிருந்து பீரோ திறக்கிற சத்தம், ஏதோ உருளுகிற சத்தம், "பாட்டரி எங்கே வெச்சேன்?" என்கிற அசரீரி.

சகாயம்மாள் காத்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"டீச்சர், இப்படி ஜன்னல் பக்கமா நில்லுங்க."

வேதவதி நின்றார். போன் உயர்ந்தது. உயர்ந்ததும் அவர் கால்கள் தாமாகவே பின்னால் நகர்ந்தன. ஓர் அடி, இரண்டு, நாலு. யாரும் சொல்லவில்லை. சுவரில் முதுகு இடித்ததும்தான் நின்றார்.

"டீச்சர், ஏன் பின்னாடி போறீங்க?"

"தெரியலையே சகாயம். பழக்கம்."

சகாயம்மாள் போனைத் தாழ்த்தி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "முன்னாடி வாங்க. இன்னும். இன்னும் வாங்க டீச்சர்" என்றார்.

'முன்னாடி வா' என்ற வார்த்தையை வேதவதி காமிராவுக்கு எதிரில் நின்று அதுவரை கேட்டதே இல்லை. ஓரடி வந்தார். இன்னும் ஓரடி. போனுக்கு இரண்டு முழம் இருக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளிக்.

சடகோபன் முக்காலியைத் தோளில் சுமந்து, கழுத்தில் பெட்டி தொங்க, போர்க்களத்துக்குப் புறப்பட்டவர் போல வந்து சேர்ந்தபோது சகாயம்மாள் படத்தை அச்சகத்துக்கு அனுப்பி முடித்திருந்தார்.

"காட்டுங்கோ பார்ப்போம்" என்று போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதட்டைப் பிதுக்கினார். "பின்னால ஜன்னல் இருக்கே, படத்துல கோபுரம் விழலையா?"

"கோபுரம் இல்லைங்க சார். டீச்சர்தான் இருக்காங்க."

சகாயம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். செருப்பை மாட்டும்போது திரும்பினார். "வேதா டீச்சர், சனிக்கிழமை நாங்க ஆறு பேர் மகாபலிபுரம் வேன்ல போறோம். சீட்டு இருக்கு. வர்றீங்களா?"

"அங்கே லைட் ஹவுஸ்ல மேல ஏற விடுவாளோ?"

"விடுவாங்க."

"அப்போ வரேன். கீழே நின்னது போறும்."

சடகோபன் திடுக்கிட்டார். அவர் குரலில் இருந்த பதற்றம் உண்மையானது. "நீ மேல போயிட்டா கீழே அளவுக்கு யார் நிக்கறது?"

"நீங்க நில்லுங்க சார்" என்றார் சகாயம்மாள். "டீச்சர் மேலேருந்து எடுப்பாங்க. நீங்களும் வாங்க, வேன்ல பின் சீட்டு காலியா இருக்கு. போயிட்டு வரேன் டீச்சர்."

ஸ்கூட்டி உறுமிப் போயிற்று. வேதவதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

சடகோபனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? நல்லது. கதவு சாத்தியாயிற்று, இனி யாரும் பார்க்கவில்லை. மெல்ல உங்கள் போனை எடுங்கள். கடைசியாகப் போன ஊரைத் திறங்கள். கோபுரம் இருக்கும், கோட்டை இருக்கும், சாப்பிட்ட தோசைகூட இருக்கும். கூட வந்தவர் எங்கே? பதற வேண்டாம். இரண்டு விரலை வைத்து நன்றாகப் பெரிசு பண்ணிப் பாருங்கள். அந்த ஓரத்தில், புதர் மாதிரி ஏதாவது தெரிகிறதா?