இரும்பு முளைத்த வெள்ளிக்கிழமை

எட்டாவது தோட்டாவும் இடப்பக்கமே போயிற்று.

ஆர்லின் பெக் துப்பாக்கியைப் பலகைமேல் வைத்துவிட்டு, மண்மேட்டின் முன்னால் நிறுத்தியிருந்த அட்டையருகே போய்ப் பார்த்தார். நடுவில் அவர் கறுப்பு மையால் வரைந்த வட்டம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஓட்டைகள் எல்லாம் இடது ஓரத்தில், பிரசங்கத்துக்குப் பயந்து கடைசி பெஞ்சைப் பிடிக்கிறவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"கர்த்தாவே," என்றார் ஆர்லின், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. "நான் ரொம்பக் கேக்கல. கொஞ்சூண்டு வலது. அவ்வளவுதான்."

சாதாரணமாக அவர் இதற்கெல்லாம் ஜெபம் செய்கிறவர் அல்ல. பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கி அது. வருஷத்தில் ஒருநாள், அவர் நிலத்திலேயே நடக்கும் சர்ச் அறுவடை விருந்து முடிந்ததும், வேலிக் கட்டையில் வரிசையாக வைத்த தகர டப்பாக்களைச் சுட்டுத் தள்ளுவதற்கு மட்டும் வெளியே வரும். அதிகம் தள்ளுகிறவருக்குப் பெர்சிமன் பழக் களியில் முதல் துண்டு. ஆர்லின் அதுவரை தள்ளியது ஒரே ஒரு டப்பா. அதுவும் கல்லில் பட்டுத் தெறித்த குண்டு செய்த வேலை.

ஆனால் இந்த வருஷம் டப்பாவோடு ஓர் ஆத்துமாவும் சேர்ந்துகொண்டது. மனைவி நெட்டியின் அண்ணன் ராஸ்கோவின் ஆத்துமா.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்ச் பெஞ்சுகளுக்கு மெத்தை தைத்துப் போடலாம் என்று சபைக் கூட்டத்தில் முடிவானபோது ராஸ்கோ எழுந்து நின்று, "தூங்கணும்னா வீட்ல தூங்குங்கய்யா! மெத்தை உள்ளே வந்தா நான் வெளியே!" என்று எல்லார் முன்னிலையிலும் சத்தியம் செய்துவிட்டார். மெத்தை உள்ளே வந்தது. ராஸ்கோ வெளியே போனார். அடுத்த வருஷமே அவர் மனைவி பெர்னிஸ் இறந்துபோனாள். அதன் பிறகும் அவர் வாக்கு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு எதிரே சோளக்காட்டின் ஓரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், "சோளம் எப்படி வந்திருக்குன்னு பாக்கிறேன்" என்பார். சோளம் அறுத்து, வயலைப் பனி மூடிய ஜனவரியிலும் அப்படித்தான் பார்ப்பார்.

நெட்டி ஒவ்வொரு ஞாயிறும் தன் பக்கத்தில் ஓர் இடத்தை விட்டு, அங்கே ஒரு பாட்டுப் புத்தகத்தை வைத்திருப்பாள். போன ஞாயிறு மத்தியானம் கோழிக்குழம்பைப் பரிமாறிக்கொண்டே அதைச் சொல்லி அழுதுவிட்டாள்.

ராஸ்கோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அழாதே. விருந்தன்னைக்கு மாப்ளே என்னைவிட ஒரு டப்பா கூடுதலா விழவைக்கட்டும். மறுநாளே வந்து அந்தப் பாழாப்போன மெத்தையிலே உக்கார்றேன். பந்தயத்துலே தோத்து வந்தா வாக்கு தவறினதா ஆகாதில்ல?"

"மச்சான், நான் எங்கே, நீங்க எங்கே?" என்றார் ஆர்லின்.

"துப்பாக்கி ரெண்டும் ஒண்ணுதானே? பெர்னிஸும் நெட்டியும் ஒரே கடையிலே ஒரே நாள்லே வாங்கிக் குடுத்தது. பக்கத்துலே பக்கத்துலே வெச்சா எது உன்னுது, எது என்னுதுன்னே தெரியாது. குறியைச் சரிபண்ணி வெச்சுக்கோ. நீ எப்பவும் இடப்பக்கம் இழுக்கிற."

அதனால்தான் இந்தத் திங்கட்கிழமை ஜெபம்.

ஆர்லின் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவர் அல்ல. கைப்பிடிக்கு மேலே இருக்கிற பின்குறியைக் குண்டு போகவேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும். அதற்குச் சொடுக்குச் சொடுக்கென்று திரும்புகிற ஒரு குட்டித் திருகு இருக்கிறது. இவ்வளவு அவருக்குத் தெரியும். ஆனாலும் அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய், இரவெல்லாம் அதன்மேல் யோசித்து, விடியற்காலையில் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பத்து மணிக்குத் திரும்பி வந்தபிறகுதான் கொட்டகைக்குப் போய்த் திருகைத் தொட்டார். நெட்டி அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அதனால் தொந்தரவு செய்ய வீட்டில் ஆள் இல்லை.

வலப்பக்கம் நாலு சொடுக்கு.

அன்று சாயங்காலம் சுட்டார். எல்லாக் குண்டும் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தன.

"கொஞ்சூண்டுன்னுதானே கேட்டேன்?" என்று வானத்தைப் பார்த்தார்.

புதன்கிழமை பத்து மணிக்கு இடப்பக்கம் நாலு சொடுக்கு திருப்பினார். கணக்குப்படி திங்கட்கிழமை இருந்த இடத்துக்கே வரும் என்பது திருப்பி முடித்தபிறகுதான் உறைத்தது. சரி, பாதிக்குப் பாதி என்று இரண்டைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் குண்டுகள் இடப்பக்கம் போனதோடு, மேலேயும் ஏறியிருந்தன. மேலே கீழே நகர்த்துகிற திருகை அவர் தொடவே இல்லை.

"துப்பாக்கிக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றார் நெட்டியிடம்.

"உங்க கண்ணாடிக்கு என்னமோ ஆயிருக்கும். அதைத் துடைச்சு எத்தனை நாளாச்சு?"

துடைத்தார். அதற்கு முன்னால் ஓட்டைகள் மங்கலாகத் தெரிந்தன. இப்போது தெளிவாக, தப்பான இடத்தில் தெரிந்தன.

வியாழக்கிழமை காலையில் கொட்டகை வாசலில் நின்று குண்டு கீழே இறங்குவதற்காக மற்றத் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். தபால் கொண்டுவரும் டார்லீன் வண்டியை நிறுத்தினாள்.

"என்னண்ணே, இன்னைக்குமா திருகுறீங்க?"

"என்னம்மா பண்றது? ஒருநாள் இடதுங்குது, ஒருநாள் வலதுங்குது. பேய் புகுந்த மாதிரி இருக்கு."

டார்லீன் வாயைத் திறந்தாள். பிறகு பாதையின் வளைவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். "எனக்கெதுக்கு? நான் தபால் குடுக்கிறவ. இந்தாங்க, விதைக்கடைப் புத்தகம்."

அவள் போன பிறகு ஆர்லினின் கண்ணில் ஒன்று பட்டது. வேலிக் கட்டைமேல் கிடந்த பழைய பீன்ஸ் டப்பாவின் நட்டநடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. தாம் அதைச் சுட்ட ஞாபகம் இல்லை. சுட்டுப் பட்ட ஞாபகம் நிச்சயமாக இல்லை.

"துரு," என்று முடிவுகட்டினார்.

மத்தியானம் மறுபடி பஸ்ஸை எடுக்கப் போவதற்குள் இரண்டு தோட்டா சுட்டுப் பார்த்தார். அட்டைக்குக் கீழே மண் தெறித்தது. போகிற வழியில் தீவனக் கடையில் நிறுத்தி, கடைக்காரர் ஹார்லனிடம் யோசனை கேட்டார். ஹார்லனுக்குத் துப்பாக்கி, சிறுநீரகக் கல், கல்யாணப் பேச்சு எல்லாம் தெரியும், கேட்காமலே சொல்வார்.

"கீழே போவுதா? திருகையெல்லாம் நம்பாதே. குழலோட நுனியிலே நிக்குதே முன்குறி, அதை அரத்தாலே லேசா ராவிவிடு. முன்குறி இறங்கினா குண்டு மேலே ஏறும்."

"லேசான்னா?"

"லேசான்னா லேசாத்தான்."

ஆர்லின் ராவினார். லேசாக ராவினார். இடது மூலை சாய்வாகத் தெரிந்ததால் வலது மூலையை ராவினார். வலது இறங்கிவிட்டதால் இடதை. நாலு காலும் சமமாக வேண்டும் என்று மேசையை அறுத்துக்கொண்டே போகிறவன் கதையாக, கடைசியில் குழலின் நுனியில் ஒரு பருப்பு அளவு மிஞ்சியது. சாயங்காலம் சுட்ட குண்டு அட்டையையே தாண்டி மண்மேட்டின் உச்சியில் பொத்தென்று விழுந்தது. அதற்குமேல் சுடுவது பாவம் என்று நிறுத்திவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவைத்தார். "கெடுத்துட்டேன், நெட்டி. இருந்ததையும் ராவித் தள்ளிட்டேன். உங்க அண்ணன் இந்த ஜென்மத்துலே உள்ளே வரமாட்டார்."

நெட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாடுபட்டதே போதும். சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ராவிய இடத்தில் ஏதாவது ஒட்டிவைக்க முடியுமா என்று பார்க்கப் பசை டப்பாவோடு கொட்டகைக்குள் போனார். துப்பாக்கியை எடுத்தார். பசை டப்பா கையிலிருந்து நழுவியது.

முன்குறி முழுசாக இருந்தது. உயரமாக, நேராக, அரம் பட்ட சுவடே இல்லாமல், முந்தின நாள் அவர் கையால் ராவுபட்டது நானல்ல என்பதுபோல் நின்றது.

பாஸ்டர் விட்காம்ப் விருந்துக்குப் பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆர்லின் மூச்சிரைக்க வந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"இரும்பா?" என்றார் பாஸ்டர்.

"இரும்புதான் ஐயா. முளைச்சிருக்கு."

பாஸ்டர் ஒரு பூசணிக்காய்மேல் உட்கார்ந்தார். "ஆர்லின், சூம்பின கை நீண்டது வேதத்துலே இருக்கு. இரும்பு நீண்டது எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஆனா நான் கர்த்தர்கிட்டே கணக்குக் கேக்கிறவன் இல்லை. ஒண்ணு மட்டும் சொல்றேன். இனிமே அதைத் தொடாதே."

"தொடவே மாட்டேன் ஐயா!"

உண்மையிலேயே தொடாமல் இருக்கத்தான் நினைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பெய்ததால் சுட்டுப் பார்க்கவும் முடியவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் வைக்கோல் கட்டுகளைப் பெஞ்சுபோல இழுத்துப் போடும்போது ஒரு நினைப்பு வந்து பிடுங்கியது. முளைத்தது முன்குறி. அதாவது, மேலே கீழே உள்ளதைக் கர்த்தர் பார்த்துக்கொண்டார். இடம் வலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? ஒருவேளை அது மனிதன் பொறுப்போ? வியாழக்கிழமை கடைசிக் குண்டு ஒரு சாண் வலப்பக்கம் போனதாகத்தானே ஞாபகம்?

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஐந்து சொடுக்கு திருப்பினார். பயபக்தியோடுதான் திருப்பினார்.

விருந்து நன்றாக நடந்தது. சாப்பாடானதும் சபை முழுவதும் வைக்கோல்மேல் உட்கார்ந்துகொண்டது. வேலிக் கட்டையில் ஆளுக்கு ஆறு டப்பா.

ராஸ்கோ முதலில் சுட்டார். மண்மேட்டின் உச்சியில் பொத்தென்றது. மறுபடியும் பொத். ஆறு தோட்டாவும் டப்பாக்களுக்கு மேலே பறந்தன. எல்லா வருஷமும் முதல் துண்டு தின்ற மனிதர் அவர்.

"வயசாச்சு," என்றார் ராஸ்கோ. அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஆர்லின் மண்டைக்குள் ஒரே இரைச்சல். ஒரு டப்பா. ஒன்றே ஒன்று போதும். வலது கோடி டப்பாவுக்குக் குறிவைத்து, மூச்சைப் பிடித்துச் சுட்டார்.

குறிவைத்த டப்பா அசையவில்லை. அதற்கு இடப்பக்கத்து டப்பா பறந்தது.

சபை கூத்தாடியது. நெட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்லின் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. பேசாமல் இருந்து பொய்யாக்குவதும் வழக்கமில்லை.

"மச்சான்," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் குறி வெச்சது அந்த டப்பாவுக்கு இல்லை. பக்கத்து டப்பாவுக்கு."

நெட்டி கண்ணை மூடிக்கொண்டாள்.

ராஸ்கோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டப்பா விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. ஆனா..."

"என்ன ஆனா? குறி வெச்ச டப்பாதான் விழணும்னு பந்தயத்துலே யாராவது சொன்னாங்களா? பாஸ்டர், சொன்னாங்களா?"

"நான் கேக்கலை," என்றார் பாஸ்டர்.

"அப்புறம் என்ன? வாயை மூடிட்டு அடுத்ததைச் சுடு மாப்ளே!"

ஆர்லின் சுட்டார். குறிவைத்ததெல்லாம் தப்பித்து, அதற்கு இடப்பக்கம் நின்றதெல்லாம் விழுந்தது. கடைசியில், அவர் முதலில் குறிவைத்த அந்த வலது கோடி டப்பா மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

முதல் துண்டுக் களியை ஆர்லின் ராஸ்கோவின் தட்டில் வைத்தார். ராஸ்கோ தோற்றவர் திட்டுகிற மாதிரி எல்லாரையும் ஒருமுறை திட்டிவிட்டு, இரண்டு துண்டு தின்றார்.

மறுநாள் காலை முதல் மணி அடிக்கும் முன்பே அவர் சர்ச் வாசலில் நின்றார். சவரம் செய்து, பெர்னிஸ் வாங்கிக் கொடுத்த டையைக் கட்டி, கக்கத்தில் ஒரு பலகை வைத்திருந்தார். நெட்டியின் பக்கத்தில் மெத்தைமேல் அந்தப் பலகையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் பாட்டு வந்தபோது நெட்டி பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். அவருக்குப் பாட வரவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைசி வரிவரை நின்றார்.

திங்கட்கிழமை டார்லீன் தபாலோடு வந்தபோது ஆர்லின் வாசலிலேயே காத்திருந்தார். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கு வெடித்துவிடும்போல் இருந்தது.

"கேட்டியாம்மா? ரெண்டு அதிசயம்! ராவின இரும்பு ராத்திரியோட ராத்திரியா முளைச்சது ஒண்ணு. கண்ணை மூடிட்டுச் சுட்டாலும் டப்பாவைத் தவறவிடாத எங்க மச்சான் ஆறு தோட்டாவையும் மேலே விட்டது இன்னொண்ணு!"

டார்லீன் கடிதங்களை அவர் கையில் கொடுத்தாள். வண்டியைக் கிளப்பினாள். பிறகு மனசு கேட்காமல் மறுபடி நிறுத்தினாள்.

"ஆர்லின் அண்ணே, யார்கிட்டேயும் சொல்லாதேன்னு சொன்னாரு. போன வாரம் பூரா, நீங்க பஸ்ஸை எடுத்துட்டுப் போனதும் உங்க மச்சான் வண்டி இங்கே வந்துரும். உங்க துப்பாக்கியை நாலு தடவை சுட்டுப் பாத்து, குறியைக் கச்சிதமாச் சரிபண்ணி, இருந்த இடத்துலேயே வெச்சிட்டுப் போவாரு. பத்து மணிக்கு நீங்க வந்து திருகுவீங்க. வெள்ளிக்கிழமை தன்னோட துப்பாக்கி முன்குறியையே கழட்டி உங்களுதுலே மாட்டிட்டு, நீங்க ராவினதைத் தன்னுதுலே மாட்டிக்கிட்டு, என்கிட்ட தலையிலே அடிச்சுக்கிட்டாரு: 'டார்லீன், இந்த மனுஷன் இன்னும் ஒரேயொரு தடவை அந்தத் திருகைத் தொட்டான்னா, நான் தோக்காமலே சர்ச்சுக்குப் போயாகணும்போல இருக்கே!'"