குறைகடத்தி ஆபீஸ்

"குறையக் கடத்துற ஆபீஸ் இதானேம்மா?"

இருட்டு ஆய்வகத்தில் லேசரைச் சரிசெய்துகொண்டிருந்த கயல்விழி திரும்பினாள். கதவைத் திறந்தபடி மஞ்சள் பையோடு ஒருவர் நின்றார். வெளியே நேற்றுத்தான் மாட்டிய பலகை: 'குறைகடத்தி ஒளியியல் ஆய்வகம்'.

"ஐயா, குறைகடத்தின்னா செமிகண்டக்டர். கரண்ட்ட அளவாக் கடத்தும்."

"தண்ணியும் அப்படித்தாம்மா விடுறாங்க. பேரு இளையபெருமாள், குடவாசல் பக்கம். கடைமடைக்குச் சொட்டுத் தண்ணி வரல, நாத்து காயுது. இந்தாங்க மனு, கொஞ்சம் மேல கடத்தி விடுங்க."

பதினோரு மணிக்குத் தேர்வுக் குழுவினர் மூன்று பேர் வருகிறார்கள். உப்புக்கல் அளவுச் சில்லு ஒன்று லேசர் பட்டு மங்கலாக ஒளிர்வதை அவர்களுக்கு இருட்டில் காட்டியாக வேண்டும். காட்டினால், பதினெட்டு வருட உழைப்புக்குப் பேராசிரியர் பதவி. கதவு திறந்தால் எல்லாம் பாழ்.

ஆனால் எலக்ட்ரானையே வழிக்குக் கொண்டுவந்தவள், ஒரு மனுவுக்கா அசருவாள்? வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நீர்வளத் துறையில் இருக்கும் தோழி வானதிக்குப் போன் செய்தாள்.

"ஷட்டரத் தூக்கச் சொல்றேன்டி. நீ போயி உன் லேசரப் பாரு."

ஒன்பதரைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாக ஊரிலிருந்து இளையபெருமாளுக்குப் போன் வந்தது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. பத்து மணிக்கு வாசலில் முப்பது பேர்.

"இந்தம்மா கையெழுத்துப் போட்டா வேல நடக்குதுங்க" என்று இளையபெருமாளே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"சித்தீக் அண்ணே, யாரும் கதவத் தொறக்காத மாதிரி ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க" என்றாள் கயல்விழி.

ஆய்வக உதவியாளர் சித்தீக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்: 'லேசர். கண் ஜாக்கிரதை.'

கால் மணி நேரத்தில் இரண்டாவது வரிசை சேர்ந்தது. "இங்க லேசர்ல கண்ணும் பாக்குறாங்களாமே" என்று முதலில் நின்ற அம்சம் பாட்டி, புரை விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வெள்ளத்தாள் குடுங்கண்ணே. எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும், சாயங்காலம் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கயல்விழி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். சில்லு சமர்த்தாக ஒளிர்ந்தது.

பதினொன்று ஆயிற்று. பதினொன்று இருபதும் ஆயிற்று. யாரும் கதவைத் தட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார்களோ? கதவைத் திறந்தாள்.

"அண்ணே, கமிட்டிக்காரங்க இன்னும் வரலயா?"

"அப்பவே வந்துட்டாங்க மேடம்" என்றார் சித்தீக். "மூணு பேரும் அந்தா, உக்காந்து மனு எழுதிக்கிட்டிருக்காங்க."